வன்னிக் கரையில் நுண்பிளாஸ்ரிக் எண்ணுதல்: ஆய்வுகூடப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு

முதல் நாள் வந்ததும் உங்கள் வெள்ளைக் கோட்டின் உள்மடிப்பில் இருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் பிடித்துப் பாருங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, விரலுக்கிடையில் தேய்த்தால் சாம்பலாய் உதிரும். பொலியெஸ்ரர் கலந்திருந்தால் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு கடுகு மாதிரி இறுகி நிற்கும். "கொட்டன்" என்று சொல்லி விற்கிற கோட்டுகளில் கலப்புத் துணி நிறைய உண்டு. கடுகு கண்டால் அந்தக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தடித்த பருத்தியில் தைத்த ஒன்றைப் போடுங்கள். முடிந்தால் கடும் றோஸ் நிறத் துணியில் தைப்பியுங்கள். கடல் மாதிரியில் அந்த நிற நார் அரிது. கண்டால் அது உங்களுடையதாக இருக்கலாம் என்று உடனே சந்தேகப்படலாம்.

5 மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டுகளைத்தான் நுண்பிளாஸ்ரிக் என்கிறோம். நாம் தேடுகிற நார் பல வேளை ஒரு மில்லிமீற்றர் நீளம், தலைமயிரை விட மெல்லிசு. அது நந்திக்கடல் களப்பிலும் இருக்கும், உங்கள் சட்டையிலும் இருக்கும், தலைக்கு மேலே சுற்றுகிற விசிறியின் தூசியிலும் இருக்கும். நுணுக்குக்காட்டிக்குக் கீழே வந்துவிட்டால் மூன்றுக்கும் ஒரே முகம். ஆகவே பயிற்சி முடியும்வரை ஒவ்வொரு துண்டைப் பார்த்தும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இது எங்கேயிருந்து வந்தது? எண்ணுகிற வேலை இரண்டு கிழமையில் கைவந்துவிடும். இந்தக் கேள்விக்குத்தான் மிச்ச மாதங்கள் எல்லாம் போகும்.

கரையில் இருந்து தொடங்குவோம். கொக்கிளாய், நாயாறு, செம்மலை, அளம்பில், முல்லைத்தீவு, வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், சாலை என்று சுண்டிக்குளம் வரை நீளத்துக்குத் திறந்த மணற்கரை. எந்த இடத்தில் மணல் அள்ளுவதற்கான சதுரச் சட்டத்தை வைக்கிறீர்களோ அதுதான் உங்கள் முடிவைப் பாதி தீர்மானிக்கிறது. கடைசியாக அலை ஏறிய கோடு, அதாவது சாதாழையும் குச்சியும் ஒதுங்கிக் கிடக்கிற ஈரக்கோடு, ஒன்று. அதற்கு மேலே, அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தொடங்குகிற இடத்தில், வாடைக்காற்றுக் காலத்துப் பேரலை போட்டுவிட்டுப் போன பழைய கோடு இன்னொன்று. மேற்கோட்டில் மாதக்கணக்காகச் சேர்ந்தது கிடக்கும், கீழ்க்கோட்டில் இந்தக் கிழமை வந்தது கிடக்கும். இரண்டையும் ஒரே போத்தலில் போட்டால் எந்தக் கேள்விக்கும் விடை வராது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு மாதிரியாக எடுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால் கீழ்க்கோட்டை எடுங்கள்.

கோட்டோடு 100 மீற்றர் நாடாவை விரித்து, 0, 25, 50, 75, 100 ஆகிய ஐந்து இடங்களில் 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம். சட்டம் மரத்தில் இருக்கட்டும். பிவிசி குழாயில் செய்தது கையடக்கம்தான், ஆனால் மணலில் உரசி உரசித் தன் தூளையே மாதிரிக்குள் விடும். மேல் 5 சென்ரிமீற்றர் மணலை மட்டும் எடுக்க வேண்டும். இதிலேதான் புதியவர்கள் திகைத்துப் போகிறார்கள்: அந்தச் சட்டத்துக்குள் 5 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் 12.5 லீற்றர் மணல், கிட்டத்தட்ட 19 கிலோ. ஐந்து சட்டத்துக்கு ஒரு லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி வேண்டும். ஆகவே 5 மில்லிமீற்றர் அரிதட்டில் எல்லாவற்றையும் அங்கேயே அரித்துப் பெரியதைத் தனியே பொறுக்குங்கள். அரித்து விழுந்த மணலைத் தகரத் தட்டில் குவித்து, நடுவால் நாலு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மிச்சத்தை மறுபடி குவித்து நாலாக்கி, ஒரு கிலோவுக்கு வரும்வரை இப்படியே செய்யுங்கள். மேலாக ஒரு கரண்டி அள்ளினால் இலேசான பிளாஸ்ரிக் எல்லாம் கரண்டிக்குள் வந்துவிடும், கணக்கு ஊதிப்போகும்.

அள்ளுகிறவர் நிற்க வேண்டிய இடம், காற்று மணலைத் தாண்டித் தன் முகத்தில் படுகிற பக்கம். முதுகுக்குப் பின்னால் காற்று அடித்தால் உங்கள் சட்டை நார் நேரே மாதிரிக்குள் போகும். சோழகம் வீசுகிற மாதங்களில் இது சின்ன விசயமில்லை.

போத்தல் கண்ணாடியாக இருக்கட்டும். ஜாம் போத்தல் போதும். மூடியின் உட்பக்கத்தில் மென்மையான பிளாஸ்ரிக் வளையம் ஒட்டியிருக்கும், ஆகவே வாயில் அலுமினியத் தாளை வைத்து அதன் மேல் மூடியைத் திருகுங்கள். பெயரைப் பென்சிலால் கடதாசியில் எழுதி வெளியே நூலால் கட்டுங்கள். உள்ளே போட்ட கடதாசி ஊறி நாராகி, பிறகு உங்களையே ஏமாற்றும்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது திகதியும் இடமும் மட்டுமல்ல. கடைசியாக மழை எப்போது, காற்று எந்தப் பக்கம், கரைவலை அன்றைக்கு வளைத்தார்களா, மீன் வாடிகள் எவ்வளவு தூரத்தில், கடைசி சிரமதானம் எப்போது. முதல் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கரையைக் கூட்டிப் பெருக்கியிருந்தால் உங்கள் பெரிய துண்டுக் கணக்கு அடியோடு விழும், நுண்துண்டுக் கணக்கு அப்படியே இருக்கும். அந்த ஒரு வரி குறிப்பில் இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருவராலும் அதை விளங்கிக்கொள்ள முடியாது.

இன்னொரு வரி, முகத்துவாரம் திறந்ததா மூடியதா. கோடையில் அலை மணலைத் தள்ளி வட்டுவாகல் வாயை அடைத்துவிடும். மழை தொடங்கி நந்திக்கடல் நிரம்பினதும் வெட்டித் திறப்பார்கள். பேராறும் சின்னச் சின்ன ஓடைகளும் கொண்டுவந்து களப்பில் மாதக்கணக்காகத் தேங்கிய சொப்பிங் பை, யூரியா பைத் துண்டு, சோடாப் போத்தல் எல்லாம் அந்த ஒரு வாய்வழியாகக் கடலுக்குள் இறங்கும். வெட்டுவதற்கு ஒரு நாள் முன்னும் மூன்று நாள் பின்னும் எடுத்த மாதிரிகள் ஒரே கரையின் இரண்டு வேறு கதைகள். இப்படி இணையாக எடுக்க வாய்ப்புக் கிடைத்தால், மற்ற வேலையை ஒத்திவைத்துவிட்டுப் போய் எடுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறைதான் கிடைக்கும்.

கொக்கிளாய்ப் பக்கத்து மணலுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே கருமணல் கலந்திருக்கும், பக்கத்துப் புல்மோட்டையில் அகழ்கிற அதே இல்மனைற். சாதாரண வெண்மணலின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், இல்மனைற்றுக்கு 4.7 அளவில். ஆகவே ஒரு கிலோ கருமணல், கனவளவில் ஒரு கிலோ வெண்மணலை விட மிகக் குறைவு. "ஒரு கிலோவுக்கு இத்தனை துண்டு" என்று கொக்கிளாயையும் சாலையையும் அருகருகே வைத்தால் கொக்கிளாய் சுத்தமான கரை போலத் தோன்றும். கிலோவோடு சேர்த்து லீற்றரிலும் சதுர மீற்றரிலும் எழுதுங்கள்.

முள்ளிவாய்க்காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2009இல், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனில் இருந்து வட்டுவாகல் வரை அந்த ஒடுங்கிய கரை முழுக்கத் தறப்பாள் கூடாரங்கள். தறப்பாள் என்பது நெய்த பொலித்தீன். வெயிலில் உக்கினால் தட்டையான நாடா நாடாவாகப் பிரியும், பிறகு நாராகும். அந்தக் கரையில் மணலுக்குள் இருந்து வருகிற நீல, வெள்ளைத் தட்டை நாரை "அண்மைக்கால மீன்பிடிக் கழிவு" என்று ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். மேல் 5 சென்ரிமீற்றருக்குக் கீழே தோண்டாதீர்கள். துணி, செருப்பு, பை, எலும்பு எது தென்பட்டாலும் கையை எடுத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். அது குப்பைக் கணக்கில் வருகிற பொருள் இல்லை, யாரோ ஒருவருடைய வீட்டுக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிற பொருளாக இருக்கலாம். கண்ணிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை நிற்கிற இடத்துக்கும், ஆள் நடந்த தடம் இல்லாத பற்றைக்கும் மாதிரி எடுக்கப் போகவே கூடாது.

மன்னார்ப் பக்கம் கதை வேறு. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணை அதில் இருந்தது. 2025 மே 25ஆம் திகதி கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கினது, அடுத்த மாதமே மன்னார்க் கரையில் வெள்ளைக் குருணை ஒதுங்கினது. குருணை என்பது பிளாஸ்ரிக் சாமான் வார்ப்பதற்கான மூலப்பொருள், பயறு அளவில், 2 முதல் 5 மில்லிமீற்றர். பார்த்தவுடன் மீன் முட்டை, ஜவ்வரிசி என்று நினைக்கத் தோன்றும். நகத்தால் அழுத்தினால் முட்டை உடையும், ஜவ்வரிசி நீரில் ஊறும், குருணை இரண்டும் செய்யாது. புதியது பளபளவென்று வெள்ளையாக இருக்கும், வெயிலில் கிடந்தது மஞ்சளாகும். எரிந்த குருணை கட்டியாக, சாம்பல் கறுப்பாக ஒட்டிக்கிடக்கும். அதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எந்தக் கப்பலுடையது என்று நிறத்தை வைத்து முடிவெழுதுவது ஆய்வுகூடத்தின் வேலை இல்லை. எண்ணிக்கை, எடை, நிறம், திகதி, இவ்வளவும் எழுதினால் போதும்.

போத்தல், பை போன்ற பெரிய சாமானில் பட்டைக்குறி தப்பியிருந்தால் முதல் மூன்று இலக்கத்தை எழுதுங்கள். 479 இலங்கை, 890 இந்தியா, 885 தாய்லாந்து, 899 இந்தோனேசியா, 955 மலேசியா. அந்த இலக்கம் கம்பனி பதிவான நாட்டைத்தான் காட்டும், சாமான் எங்கே கடலில் விழுந்தது என்பதைக் காட்டாது. கப்பலில் இருந்து எறிந்த போத்தலாகவும் இருக்கலாம்.

இனி ஆய்வுகூடம்.

மணலை உலர்த்துவது 60 பாகையில் 48 மணித்தியாலம். வேகமாக முடிக்கலாம் என்று 100க்கு மேல் ஏற்றினால் மெல்லிய படலமும் ரெஜிஃபோம் மணியும் சுருங்கி உருமாறும். கரண்ட் போய் வந்தால் சில அவன்கள் பழைய வெப்பநிலையை மறந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும், மின்வெட்டுக்குப் பிறகு திரையைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

பிரித்தெடுப்பது உப்புக்கரைசலில். தத்துவம் எளிது. கன சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம் என்ற அடர்த்தியில், பொலிபுரொப்பிலீன் 0.90, பொலித்தீன் 0.91 முதல் 0.97, பொலிஸ்ரைரீன் 1.04க்கு மேல், நைலோன் 1.14 அளவு. நிரம்பிய உப்புக்கரைசலின் அடர்த்தி 1.2. இவை எல்லாம் மிதக்கும், மணல் அடியில் நிற்கும். 1.38 அளவிலான பெற் (சோடாப் போத்தல் செய்கிற பிளாஸ்ரிக்) துண்டும், பிவிசியில் பெரும்பகுதியும் மணலோடு தங்கிவிடும். நாகக் (சிங்க்) குளோரைட்டுக் கரைசல் 1.5க்கு மேல் போகும், அதில் பெற்றும் மிதக்கும். ஆனால் அது விலை, கையை அரிக்கும், கழுவி ஊற்றினால் கிணற்றுக்குத்தான் போகும். பயிற்சிக்கு உப்புப் போதும் என்பதுதான் எங்கள் முடிவு. அறிக்கையில் "1.2க்கு மேற்பட்டவை இதில் அகப்படா" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒரு லீற்றர் நீருக்கு 360 கிராம் உப்பு. ஆனையிறவு உப்பு நல்லது, மலிவு. ஆனால் அது வருகிற பையே நெய்த பொலிபுரொப்பிலீன், பையின் நாரும் உப்போடு வரும். ஆகவே கரைத்த பிறகு கண்ணாடி நார் வடிதாளில் வடித்தே ஆக வேண்டும். முதலில் ஒரு இரவு அப்படியே விட்டு மண் அடங்கிய பிறகு மேல்நீரை வடித்தால் ஒரு தாளில் இரண்டு லீற்றர் போகும், உடனே வடித்தால் கால் லீற்றரிலேயே தாள் அடைத்துவிடும். சரிபார்க்க 100 மில்லிலீற்றரை நிறுத்துப் பாருங்கள்: 119 முதல் 120 கிராம் வர வேண்டும். 115 என்றால் உப்பு ஈரம் குடித்திருந்தது, இன்னும் போடுங்கள்.

200 கிராம் உலர்மணல், 600 மில்லிலீற்றர் கரைசல், ஒரு லீற்றர் முகவை. உருக்குக் கரண்டியால் இரண்டு நிமிடம் அடியில் இருந்து கிளறி, அலுமினியத் தாளால் மூடி, ஒரு இரவு விடுங்கள். காலையில் அசைக்காமல் மேல்நீரை 300 மைக்ரோமீற்றர் அரிதட்டில் சரித்து ஊற்றுங்கள். கண்ணாடிச் சுவரில், நீர்மட்டம் இருந்த கோட்டில், துண்டுகள் வளையமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை மறந்துபோய் முகவையைக் கழுவுவதுதான் நாங்கள் அடிக்கடி காண்கிற இழப்பு. வடித்த உப்புநீரைக் கழுவுபோத்தலில் நிரப்பிச் சுவரைச் சுற்றிவர மூன்று முறை கழுவி அதையும் அரிதட்டில் சேருங்கள். அதே மணலில் இந்த வேலையை மூன்று முறை திருப்பிச் செய்ய வேண்டும்.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று தெரிய, சிவப்புப் போத்தல் மூடியை அரத்தால் துருவி 20 துண்டை எண்ணிச் சுத்தமான மணலில் கலந்து, கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். 17 திரும்பி வந்தால் 85 வீதம். 12தான் வந்தது என்றால் உண்மையான மாதிரியைத் தொடாதீர்கள். எங்கே போனதென்று முதலில் கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் அந்தக் கண்ணாடி வளையத்தில்தான் இருக்கும்.

வன்னிக் கிணற்று நீர் பல இடங்களில் கடும் நீர், சுண்ணாம்பு நிறைய. அதில் கழுவிக் காயவைத்த கண்ணாடியில் வெள்ளைச் செதில் படியும், வடிதாளில் விழுந்தால் பிளாஸ்ரிக் படலம் போலவே தெரியும். ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் நுரைத்துக் கரைவது சுண்ணாம்பு. கடைசிக் கழுவல் எப்போதும் காய்ச்சி வடித்து, பிறகு வடிதாளில் வடித்த நீரில்தான்.

சாதாழை, பாசி, இறால் ஓடு நிறைந்த மாதிரிக்கு, அவற்றைச் சிதைத்துக் கரைக்க ஐதரசன் பரவொட்சைட்டு வேண்டும். பார்மசியில் "20 வொலியூம்" என்று கிடைப்பது 6 வீதம், அது காணாது. 30 வீதம், அதாவது 100 வொலியூம் வேண்டும். இரும்புக் கரைசலுக்கு 7.5 கிராம் பெரசுச் சல்பேற்று, 500 மில்லிலீற்றர் நீர், 3 மில்லிலீற்றர் செறிந்த சல்பூரிக் அமிலம். அமிலத்தை நீருக்குள் விட வேண்டும், ஒருபோதும் மறுபக்கமாக இல்லை. மாதிரி இருக்கிற முகவையில் இரும்புக் கரைசல் 20, பரவொட்சைட்டு 20 மில்லிலீற்றர். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து இன்னும் 20 ஊற்றுகிறவர்கள் உண்டு. பிறகு ஒரேயடியாகக் கொதித்து, நுரை முகவையைத் தாண்டி மேசையில் ஓடும். மாதிரியும் அதோடு போய்விடும். 500 மில்லிலீற்றருக்குச் சிறிய முகவை பாவிக்காதீர்கள், பக்கத்தில் ஐஸ் தட்டு தயாராக இருக்கட்டும், வெப்பம் 60 பாகையைத் தாண்டினால் ஐஸில் வையுங்கள். நைலோனும் மெல்லிய படலமும் சூட்டில் கெட்டுப்போகும். பரவொட்சைட்டு தோலில் பட்டால் வெள்ளையாக வெளிறிக் கடுக்கும், ஓடும் நீரில் கழுவுங்கள். அசற்றோன் போத்தல் அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வெடிபொருள்.

நீர் மாதிரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலில் 300 மைக்ரோமீற்றர் அளவுக் கண் கொண்ட மேற்பரப்பு வலையைப் பைபர் படகின் பக்கவாட்டில், எஞ்சின் கிளப்பும் நுரைக்கு வெளியே கட்டி, 2 முதல் 3 நொற் வேகத்தில் 15 அல்லது 20 நிமிடம். வலை வாய் 60 சென்ரிமீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் நீருக்குள், 1,500 மீற்றர் இழுத்தால் 135 கன மீற்றர். களப்பில் வலை தரைதட்டும். அங்கே 10 லீற்றர் சில்வர் வாளியால் பத்து முறை அள்ளி அரிதட்டில் ஊற்றுவதுதான் வழி. படகின் உட்பூச்சில் ஒரு செதிலையும், வலைக் கயிற்றில் ஒரு துண்டையும், அன்றைக்குப் போனவர்கள் எல்லாருடைய சட்டையிலும் ஒவ்வொரு நூலையும் போத்தலில் போட்டுக் கொண்டுவாருங்கள். நுணுக்குக்காட்டியில் ஒரு நீல நாரைக் கண்டால் முதலில் ஒப்பிட வேண்டியது அவற்றோடுதான்.

மீனுக்கும் அதே விதி. கரைவலையின் மடியில், அதாவது மீன் சேருகிற பையில், ஆயிரக்கணக்கான சூடை, நெத்தலி, காரல் நெருக்கியடித்துக்கொண்டு வரும். மூச்சுக்கு வாயைத் திறக்கிற அந்த நேரத்தில் மடியின் நாரையே விழுங்கிவிடும். அதை "கடலில் தின்றது" என்று எழுதினால் பிழை. ஆகவே வலை இழுத்து முடிந்ததும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஐயாவிடம் கேட்டு மடியில் இருந்து விரல் நீள நூல் வாங்குங்கள். தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) தடைசெய்யப்பட்டது என்பதால் ஆட்கள் கேள்வியை வேறுவிதமாக விளங்கிக்கொள்ளக்கூடும். எதற்கு என்று முதலே விளக்கமாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "அண்ணை, மீன்ர வயித்துக்குள்ள கிடக்கிற நூல் உங்கட வலையிலயிருந்து வந்ததோ, வேற எங்கயிருந்தும் வந்ததோ எண்டு பார்க்கத்தான்" என்றால் அவர்களே வெட்டித் தருவார்கள்.

ஒரே இனத்தில் 30 மீன், வாங்கின உடனே ஐஸ், அன்றைக்கே உறைகுளிர். வெட்டும்போது தொண்டைக்குழாயில் இருந்து மலவாய் வரை ஒரே குழாயாக எடுங்கள். நடுவில் கிழிந்தால் அந்த மீனைத் தள்ளிவிடுங்கள். இழையத்தைக் கரைக்க 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, இழையத்தின் கனவளவைப்போல் மூன்று மடங்கு, 40 பாகையில் 48 மணித்தியாலம். 60 பாகையில் ஒரு இரவில் முடியும்தான், ஆனால் பொலியெஸ்ரர் போன்றவை காரத்தில் சூடேறினால் அரிபடும். நெத்தலியில் எலும்புத்தூளும் மணலும் மிஞ்சும், அதற்கு மறுபடி உப்புக்கரைசல்.

எண்ணுகிறபோது கண்ணை ஏமாற்றுகிறவை இங்கே நாலைந்து: பனந்தும்பு, தென்னந்தும்பு, சவுக்கு ஊசியின் துண்டு, சாதாழை நரம்பு, பருத்தி. பிளாஸ்ரிக் நார் தொடக்கத்தில் இருந்து முடிவுவரை ஒரே தடிப்பு, நிறமும் ஒரேமாதிரி, உள்ளே கலச்சுவர் தெரியாது. பனந்தும்பு நுனிக்கு ஒடுங்கும், சவுக்கு ஊசியில் கணுக் கணுவாக மூட்டுத் தெரியும். சந்தேகமென்றால் தையல் ஊசியைச் செக்கச்செவேலென்று சூடாக்கிக் கிட்டக் கொண்டுபோங்கள். பிளாஸ்ரிக் தொடுவதற்கு முன்னமே நெளியும், தும்பு தொட்ட இடத்தில் மட்டும் கருகும். 40 மடங்கு உருப்பெருக்கம் போதும். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் பார்க்காமல் மறுபடி எண்ண வேண்டும். இரண்டு பேருக்கும் பத்துக்கு ஒன்றுக்கு மேல் வித்தியாசம் என்றால் இருவரும் சேர்ந்திருந்து துண்டு துண்டாகப் பேசித் தீருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து பார்க்காதீர்கள். களைத்த கண் வெளிர்நிற நாரை முதலில் தவறவிடும்.

அகச்சிவப்பு ஒளியை வைத்துத் துண்டு என்ன பிளாஸ்ரிக் என்று காட்டுகிற எஃப்.ரி.ஐ.ஆர் கருவி எல்லா இடத்திலும் இல்லை, நேரம் வாங்கித்தான் போக வேண்டும். அதனால் எல்லாத் துண்டையும் கொண்டுபோகாமல், வகைக்கு ஒரு பங்காக, முன்கூட்டியே தீர்மானித்த முறையில் தெரிந்தெடுங்கள். பார்க்க அழகானதைப் பொறுக்காதீர்கள். கருவி வரைகிற கோட்டில் பொலித்தீனுக்கு 2915, 2848, 1470, 720 அருகே (அலையெண், cm⁻¹) உச்சிகள். பொலிபுரொப்பிலீன் 1377இல் தனியாக ஒரு உச்சி காட்டும். நைலோனுக்கு 1634உம் 1538உம் சோடியாக வரும். வெயிலில் உக்கிய துண்டு 1715 பக்கம் ஒரு புது மேட்டைக் காட்டும், அது ஒட்சியேறியதன் அடையாளம். கருவியின் நூலகம் அதைப் பார்த்துவிட்டு வேறு பெயர் சொல்லக்கூடும். கணினி சொல்கிற பெயரை எழுதுவதற்கு முன் உச்சிகளை உங்கள் கண்ணால் பாருங்கள். பாசி படர்ந்த துண்டு என்றால் வடித்த நீரில் தூரிகையால் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வையுங்கள்.

இனி வெற்று மாதிரி, அதாவது ஆய்வுகூடத்தில் இருந்தே எவ்வளவு நார் விழுகிறது என்று காட்டுவது. ஒவ்வொரு நாளும், மாதிரி திறந்திருக்கிற நேரமெல்லாம், பக்கத்தில் ஈர வடிதாள் ஒன்று கண்ணாடித் தட்டில் திறந்தே இருக்க வேண்டும். அதோடு மணல் இல்லாமல் கரைசலை மட்டும் வைத்துத் தொடக்கம் முதல் முடிவுவரை எல்லா வேலையையும் செய்த மூன்று முகவைகள். அந்த மூன்றில் 2, 3, 4 நார் கிடைத்தது என்று வையுங்கள். சராசரி 3, நியம விலகல் 1. சராசரியோடு விலகலின் மூன்று மடங்கைக் கூட்டினால் 6. உங்கள் கரை மாதிரியில் 5 நார் இருந்தால் "கண்டறியப்படவில்லை" என்றுதான் எழுத வேண்டும். ஒரு கிழமை வேலை செய்து கிடைத்த ஐந்தை இப்படி விடுவது கஷ்டம்தான், ஆனால் அந்த ஐந்தும் உங்கள் விசிறியில் இருந்து விழுந்திருக்கலாம். வெற்றில் 15, 20 என்று வரத் தொடங்கினால் மாதிரி வேலையை நிறுத்துங்கள். விசிறியை நிற்பாட்டி, வெளியே கிரவல் றோட்டுப் பக்கத்து ஜன்னலை அடைத்து, மேசையை ஈரப் பருத்தித் துணியால் துடைத்து, மறுபடி வெற்று மட்டும் ஓட்டிப் பாருங்கள். வெக்கைதான், பொறுக்கத்தான் வேண்டும். விடியப்புறம் ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் திறந்த வேலைகளை முடித்துக்கொள்வது நல்ல வழி.

எண்ணி முடித்த வடிதாள்களை எறியாதீர்கள். மூடியிட்ட கண்ணாடித் தட்டில் பென்சில் குறியோடு அடுக்கி வையுங்கள். அடுத்த வருடம் வருகிற பிள்ளை உங்கள் எண்ணிக்கையைச் சந்தேகித்தால் மறுபடி பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

முடிவு வந்ததும் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, மாதிரி எடுத்த ஊரின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். மீன் தந்தவர்களுக்கு அது சேர வேண்டிய கடன். அங்கே நிச்சயமாக ஒரு கேள்வி வரும்: "அப்ப பிள்ளை, மீன் தின்னலாமோ?" சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் பார்த்தது குடல் மட்டும். சூடையையும் காரலையும் குடலை எடுத்துக் கழுவித்தான் சமைக்கிறோம், அதனால் அதில் கண்டது சட்டிக்குப் போவதில்லை. நெத்தலியைப் பலர் முழுதாகவே தின்கிறோம், அதன் வயிற்றில் இருப்பது நம் வயிற்றுக்கு வரும். தலையையும் குடலையும் கிள்ளிப்போட்டால் அதுவும் போகும். சதையை நாங்கள் சோதிக்கவில்லை, அதைப் பற்றி இந்தத் தாளில் ஒன்றும் எழுதவும் இல்லை.